வன்கூவரில் இருக்கும் மகளுக்காக

ஆண்டவரிடம் நான் ஆறு மாதம் தொடர்ந்து பொய் சொன்னேன். முழந்தாளில் நின்று, கண்ணை மூடி, நல்ல தமிழில் சொன்னேன். எங்கள் செபக் கூட்டத்தில் இருக்கும் எட்டுக் குடும்பங்களும் என்னோடு சேர்ந்து அந்தப் பொய்க்கு ஆமென் சொன்னார்கள்.

பொய் இதுதான்: என் மகள் வன்கூவரில் வேலை செய்கிறாள்.

உண்மையில் அவள் யூனியன்வில்லில் இருந்தாள். ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். வழியில் சிக்னல்கள் எல்லாம் பச்சையாக விழுந்தால் எட்டு.

அவளுக்கு இருபத்தேழு வயது. மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சிநேகிதி ஒருத்தியோடு சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். எடுக்கட்டுமா என்று கேட்கவில்லை, எடுத்துவிட்டேன் என்று சொன்னாள். எனக்குக் கோபம் வர அதுவே போதுமாக இருந்தது.

"பத்து நிமிசத்திலை இருக்கிற இடத்துக்கு என்னத்துக்கடி தனி வீடு?" என்றேன்.

"பத்து நிமிசம்தானே அப்பா, அப்ப என்ன ப்ராப்ளம்?" என்றாள்.

நல்ல கேள்வி. நான் நியாயத்தில் தோற்றால் சத்தத்தில் வெல்லப் பார்க்கிற ஆள். கலியாணம் முடிக்காத பெண்பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் தொடங்கி, ஊரே இல்லாத இந்த நாட்டில் எந்த ஊர் என்று அவள் கேட்டதும், எழும்பி நின்று கத்தினேன்.

"போறதெண்டால் போ. பிறகு இந்த வாசலை மிதியாதை."

அவள் போய்விட்டாள். இரண்டு சூட்கேசும் சின்ன ரைஸ் குக்கரும் அவளோடு போயின. நான் மேல் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போது அழவில்லை, கோபம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு கோவில் கார் நிறுத்துமிடத்தில், வீடு விற்கிற அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் செபக் கூட்டத்தில் அவரும் ஒருவர். எந்தக் கதையையும் வீடு பார்க்க வந்தவரிடம் பேசுகிற குரலில்தான் பேசுவார்.

"எங்கை அண்ணை, மகளைக் காணேல்லை?"

"வன்கூவரிலை வேலை கிடைச்சிட்டுது," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் இல்லாமல் கனடாவுக்குள் ஒரு பிள்ளையை அனுப்பக்கூடிய மிகத் தூரமான இடம் எதுவோ, அது தானாக வாயில் வந்தது. "நல்லது, நல்லது, பெரிய ரேஞ்சிலை போயிட்டா," என்று அவர் என் தோளில் தட்டினார். பெருமையாகக்கூட இருந்தது. கெட்டவன் நான்.

அதோடு நின்றிருந்தால் மனுசருக்குச் சொன்ன பொய்யாகப் போயிருக்கும், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் கழுவியிருக்கலாம். ஆனால் செபக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறதே. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொரு வீடாகக் கூடுவோம். அந்த வாரமே, "வன்கூவருக்குப் புதுசாப் போயிருக்கிற இவரின்ரை மகளுக்காகவும் செபிப்பம்" என்று வீடு விற்கிற அண்ணை முன்மொழிந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மன்றாட்டுச் சொல்கிறவன் நான்தான். கண்ணை மூடினேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகத் தந்தையே, வன்கூவர் மாநகரில் பணிபுரியும் எங்கள் அன்பு மகளை உமது திருக்கரங்களில் ஒப்படைக்கின்றோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள் எல்லோரும்.

என் மனைவி மட்டும் தேத்தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்க எழும்பிப் போனாள். அது வேறொருவர் வீடு. அடுப்பில் தேத்தண்ணீரே இருக்கவில்லை.

அன்று தொடங்கி அவள் அந்த மன்றாட்டுக்கு ஒருநாளும் முழந்தாளில் இருந்ததில்லை. "மனுசருக்குப் பொய் சொல்லுங்கோ, அது உங்கடை பாடு. மேலை இருக்கிற அந்தாளுக்குச் சொல்லுறதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டன்," என்றாள். அவள் மகளோடு கோபிக்கவும் இல்லை. வியாழக்கிழமைகளில் தயிர் டப்பாக்கள் குறையும். கழுவி அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களில் மூன்று நாலு காணாமல் போகும், வீட்டில் கணவாய்க் கறி மணக்கும், சட்டியில் கணவாய் இருக்காது. நான் கேட்பதில்லை. கேட்டால் மகள் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்க வேண்டி வரும்.

என் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாதிக் குற்றம் அதனுடையது. எங்கள் கூட்டத்தில் ஒக்டோபர் மாதம் முழுவதும் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் மூன்று நாலு நாள் தங்கும். செபமாலை முடிந்ததும் வீட்டுக்காரர் சுரூபத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தன் குடும்பத்துக்கு என்ன வேண்டுமோ அதைத் தன் வாயால் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் மாதாவை அந்த வீட்டுப் பீடத்தில் வைக்கலாம். இது எங்கள் வழக்கம். தன் வாயால் கேட்கச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு நாக்கு ஒட்டிவிடும். ஆகவே எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். சுரூபம் கையில் இருப்பதால் தாளைப் பிடிக்க முடியாது. அதையும் நானே அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்தத் தாள்களில் யாருடைய கஷ்டமும் இருக்காது. 'ஒரு விசேட கருத்துக்காக' என்று இருக்கும். மகன் படிப்பை விட்டால் விசேட கருத்து. மச்சானோடு வழக்கென்றால் விசேட கருத்து. எட்டு வீட்டின் விசேட கருத்தும் எனக்குத் தெரியும், ஆனால் ஆண்டவருக்குத் தெரியக்கூடாது என்பதுபோலத்தான் எழுதுவேன்.

என்னிடம் எழுதி வாங்காத ஒரே ஆள் மன்னார் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அறுபத்திரண்டு வயதுக்காரனை இந்த ரொறன்ரோவில் 'தம்பி' என்று கூப்பிடுகிற ஒரே ஆளும் அவர்தான். அவர் மாதாவைக் கையில் எடுத்தால், போன் கொம்பனிக்கு முறைப்பாடு சொல்கிற குரல் வந்துவிடும்.

"ஆண்டவரே, போன கிழமையும் சொன்னனான். முழங்கால் நோகுது. டொக்டர் குடுத்த குளிசை வேலை செய்யேல்லை. நீரும் ஒண்டும் செய்யேல்லை. மருமோள் என்னோடை கதைக்கிறாள் இல்லை. நானும் அவளைக் கொஞ்சம் சொல்லிப்போட்டன்தான், அது பிழைதான். ஆனா அவளும் சொன்னவள். ரெண்டு பேரையும் பாரும். முதல் முழங்காலைப் பாரும்."

எனக்கு உடம்பு கூசும். ஒருமுறை தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கொஞ்சம் மரியாதையான சொல்லாப் பாவிச்சால் என்ன?" என்று கேட்டேன். "தம்பி, நோகேக்கை எனக்கு அந்தச் சொல்லுகள் வாறேல்லை," என்றார். படிக்காத மனுசி என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் பொய் தன் பாட்டில் வளர்ந்தது. வீடு விற்கிற அண்ணையின் மச்சான் ஒருவர் வன்கூவரில் இருக்கிறாராம், மகளின் விலாசம் தரட்டாம், போய்ப் பார்ப்பாராம். "அவள் வீடு மாறுறாள்," என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். "திருப்பியும் மாறுறாள்," என்றேன். நல்ல ஏஜென்ட் இல்லாமல் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். ஓகஸ்டில் அந்தப் பக்கம் காட்டுத்தீப் புகை என்று செய்தியில் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை என் மகளின் நுரையீரலுக்காக செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டினார்கள். எட்டுக் குடும்பம், பட்டுச்சேலையோடு, வெறுந்தரையில். என் மகளோ அந்த நேரம் யூனியன்வில்லில் நல்ல காற்றில் இருந்தாள்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது வேறொன்று. செப்டம்பரில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், கென்னடி வீதியில், சிவப்பு விளக்கில் நிற்கிறேன். காரில் நான் மட்டும். வழக்கம்போல மெல்லச் செபித்தேன்: "ஆண்டவரே, வன்கூவரில் இருக்கும் என் பிள்ளையை..." நிறுத்தினேன். காரில் வேறு யாரும் இல்லை. யாருக்காக இந்த வன்கூவர்? விளக்குப் பச்சையானது தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்னை அழுத்திப் பிடித்த பிறகுதான் காரை எடுத்தேன்.

அன்று முழுக்க எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, தபால்காரர் பழைய விலாசத்துக்கு வந்த கடிதத்தைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடுவதுபோல் அவரும் திருப்பிவிடுவார் என்று. ஆனால் தபால்காரரிடம் நாங்கள் வீடு மாறியதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில் நானும் மனைவியும் போய் மன்னார் அக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்தோம். முன் சீட்டில் மாதா, சீட் பெல்ட் போட்டபடி. பின் சீட்டில் மனைவி. வளைவுகளில் சுரூபம் ஆடியது, என் வாசிப்புக் கண்ணாடிக் கூட்டை அதன் அடியில் செருகினேன். வீட்டுக்கு வந்ததும் மாதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கண்ணாடி காரிலேயே கிடந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். வரவேற்பறை நிறைந்தது, வாசலில் செருப்பும் சப்பாத்தும் நிறைந்தன. செபமாலை முடிந்தது. நான் முன்னால் முழந்தாளிட்டு சுரூபத்தை இரண்டு கையாலும் ஏந்தினேன். பிறகுதான் விளங்கியது: எல்லோருக்கும் தாள் பிடித்த எனக்குத் தாள் பிடிக்க ஆள் இல்லை. மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்துப் பிடித்தாள். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. காரில் கண்ணாடி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பரவாயில்லை, நான் வாசிக்கிறன்," என்றாள்.

இருபத்தொன்பது வருடக் கலியாணத்தில் அவள் இவ்வளவு விரைவாக எனக்கு உதவ வந்ததில்லை. அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகத் தந்தையே," என்று வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு. "உமது பிள்ளைகளாகிய நாங்கள் உமது சந்நிதியில் தாழ்ந்து பணிந்து... வன்கூவர் மாநகரில்..."

நிறுத்தினாள். தாளை நாலாக மடித்தாள். என் சட்டைப் பையில் திருப்பி வைத்தாள்.

"உந்தத் தாளை நான் வாசிக்க மாட்டன்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வரவேற்பறையில் யாரோ ஒருவரின் செபமாலை மட்டும் தரையில் உரசியது. நான் நல்ல தமிழில் ஒரு வசனத்தைத் தேடினேன். முப்பது வருடமாக மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவன் நான், ஒரு வசனம் வரவில்லை. மாதா பாரமாக இருந்தார். மகள் சூட்கேசை இழுத்துக்கொண்டு போனது கண்ணுக்குள் வந்தது. கடைசியில் வாய் தன் பாட்டில் திறந்தது.

"ஆண்டவரே, அவள் வன்கூவரிலை இல்லை."

யாரோ இருமினார்கள்.

"உமக்குத் தெரியும். யூனியன்வில்லிலை இருக்கிறாள். சிக்ஸ்டீன்த் அவெனியூவிலை, கோப்பிக்கடைக்குப் பின்னாலை இருக்கிற பில்டிங். நாலாம் மாடி. நான் ஐஞ்சு தரம் போய்க் கீழை காரை விட்டிட்டு இருந்திட்டு வந்தனான். மேலை போகேல்லை. ஏன் போகேல்லை எண்டால், நான்தான் வாசலை மிதியாதை எண்டனான். அவள் என்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டு போகேல்லை. நான் கலைச்சனான்."

மனைவி பக்கத்தில் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு இப்போது நிற்பாட்டத் தெரியவில்லை.

"எனக்கு உம்மிலையும் கோவம் இருக்கு. ஆறு மாசமாக் கேக்கிறன், நீர் ஒண்டும் செய்யேல்லை. சரி, நான் பிழையான இடத்தைச் சொன்னனான்தான். எண்டாலும் நீர் கடவுள்தானே. இப்ப சரியான இடத்தைச் சொல்லிப்போட்டன். அவளை எனக்குப் போன் எடுக்கச் சொல்லும். அவள்தான் முதல் எடுக்கவேணும். நான் எடுக்க மாட்டன். எனக்கு வெக்கமாக் கிடக்கு. அவள் இல்லாமல் வீடு வீடாயில்லை."

முடித்துவிட்டேன். மாதாவைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. எட்டுக் குடும்பத்தின் முன்னால் மூக்கால் ஒழுக, மானம் மரியாதை எல்லாம் போய் முழந்தாளில் நின்றேன். பின்னாலிருந்து எல்லோரும், வழக்கப்படி, ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மாதாவைப் பீடத்தில் வைத்தோம். பாட்டுப் பாடினோம். அதன் பிறகு றோல்ஸும் வடையும் சுற்றி வந்தன. இப்படி ஒன்று நடந்த பிறகும் எங்கள் ஆட்கள் றோல்ஸ் சாப்பிடுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். நான் குசினிக்குள் ஒளிந்து நின்று, தேவையில்லாமல் கோப்பைகளைக் கழுவினேன். மன்னார் அக்கா நொண்டி நொண்டி உள்ளே வந்தார்.

"தம்பி, கோப்பையள் கழுவினதுதான்."

"அக்கா, இவ்வளவு நாளும் உங்களை எல்லாம் ஏமாத்திப்போட்டன்."

"ஆர் ஏமாந்தது? எங்களுக்கு ஆடியிலையே தெரியும்."

கோப்பை கையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

"ஆடியிலை மீன் கடையிலை பிள்ளையைக் கண்டனான். 'எப்ப பிள்ளை வந்தனீ?' எண்டு கேட்டன். 'வன்கூவரிலை இருந்து லீவிலை வந்தனான் அன்ரி, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, சர்ப்ரைஸ்' எண்டுது. கையிலை அரைக்கிலோ நெத்தலியும் கருவேப்பிலையும். லீவிலை வந்த பிள்ளை நெத்தலி வாங்கிக்கொண்டு திரியுமே? நான் வந்து எல்லாருக்கும் சொன்னனான்."

"எல்லாருக்கும் தெரியுமோ? அப்ப என்னத்துக்கு அந்தப் புகைக்குச் செபிச்சனீங்கள்?"

"நீங்கள் கேட்டனீங்கள், நாங்கள் செபிச்சம். உங்கடை முகத்தைப் பார்த்தால் பாவமாக் கிடந்தது. நான் மட்டும் மனசுக்குள்ளை அட்ரசை மாத்திச் சொல்லிவிட்டனான்."

ஒரு வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் குசினியில் நின்றேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது பெரிதாகப் படவில்லை. மகள்தான் மனதில் நின்றாள். வன்கூவர் கதையைத் தாய் சொல்லியிருப்பாள். அதைக் கேட்டு அவள் சிரித்திருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். மீன் கடையில் நின்று, "அப்பா பொய் சொல்லுறார் அன்ரி, என்னை வீட்டாலை கலைச்சவர்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் நான் இந்த மார்க்கம் நகரப் பக்கமே தலைகாட்டியிருக்க முடியாது. நெத்தலியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சலவை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஆண்டவரிடம் நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. போனை எடுத்தேன்.

"அப்பா?" என்றாள், முதல் மணியிலேயே.

கேட்க நினைத்தது வேறு. "வன்கூவரிலை இப்ப புகை இல்லையே?" என்றேன்.

"இல்லை அப்பா. இப்ப கிளியர்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் பிள்ளை. மாதாவைக் கையிலை வைச்சுக்கொண்டு சொன்னனான்."

"ஓ மை காட். எல்லாருக்கும் முன்னாலையோ?"

"ஓம். வீட்டை வா."

பன்னிரண்டு நிமிடத்தில் மணி அடித்தது. சிக்னல்கள் சரியாக விழவில்லை போல. வரவேற்பறை முழுக்க வாயில் றோல்ஸோடு வாசலைத் திரும்பிப் பார்த்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். மகள் வெளியே கால்மிதியில் நின்றாள். கையில் இருந்த சாவிக்கொத்தில் எங்கள் வீட்டுத் திறப்பும் இருந்தது. இருந்தும் மணி அடித்திருக்கிறாள். கதவு அகலத் திறந்திருந்தும் உள்ளே வரவில்லை. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் நான் கத்திய சொல் இன்னும் அந்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுக்க வேண்டியவன் நான்தான்.

"நான் சொன்னது பிழை," என்றேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்கொள். உள்ளை வா அம்மா."

பின்னாலிருந்து வீடு விற்கிற அண்ணை, பழக்கதோஷத்தில், வாய்க்குள் றோல்ஸோடு சொன்னார்:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபடி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு மேலால் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.